கறுப்பு நூலும் நீல நிழலும்: ஐரோப்பிய ஓவியத்தில் வர்ணம் பற்றிச் சில குறிப்புகள்

ஐரோப்பிய ஓவியத்தின் வரலாறு என்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓவியர்களின் வரலாறாகவே இருக்கிறது. யார் எங்கே பிறந்தார், யாரிடம் பயின்றார், எந்த அரசன் ஆதரித்தான், என்ன வறுமையில் இறந்தார் என்ற வரிசையில் அது எழுதப்பட்டிருக்கிறது. படத்தின்மேல் பூசப்பட்டிருக்கும் பொருள் எது, அது எந்த மண்ணிலிருந்து வந்தது, யார் தோண்டினார்கள், யார் அரைத்தார்கள் என்ற கேள்விகள் அடிக்குறிப்புகளில் ஒதுங்கிக் கிடக்கின்றன. நாம் வந்து சேர்ந்த நகரங்கள் பலவற்றில் ஓவியக்கூடம் ஒன்றாவது உண்டு. படத்துக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும் சிறிய அட்டையில் ஓவியர் பெயரும் ஆண்டும் இருக்கும்; அதன் கீழே 'தைல வர்ணம், கன்வஸ்' என்று எழுதியிருக்கும். வர்ணத்தைப் பற்றி அந்த அட்டை சொல்வது அவ்வளவுதான்.

இக்கட்டுரை அந்தத் 'தைல வர்ணம்' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க முயல்கிறது. வர்ணம் ஒரு பண்டமாக இருந்தது. அதற்கு விலையும் சந்தையும் கூலியாட்களும் இருந்தார்கள். வர்ணம் ஒரு கருத்தாகவும் இருந்தது. அறிவு யாருக்கு உரியது, உணர்ச்சி யாருக்கு உரியது என்று மனிதர்களைப் பிரித்து வைக்கும் வேலையையும் அது செய்தது. இந்த இரண்டையும் விட்டுவிட்டுக் கலையழகை மட்டும் பேசுவது நம்மைப் போன்றவர்களுக்குப் போதுமானதல்ல.

1. நீலத்தின் விலை

மத்திய கால, மறுமலர்ச்சிக் கால ஓவியங்களில் மரியாளின் மேலாடை ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டால் புனிதம், வானம் என்று விளக்கம் சொல்வார்கள். அதோடு விலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அல்ட்ராமரீன் எனப்படும் அந்த நீலம் லாபிஸ் லசூலி என்ற கல்லிலிருந்து எடுக்கப்பட்டது. ஐரோப்பாவுக்கு அந்தக் கல்லைத் தந்த சுரங்கங்கள் ஆப்கானிஸ்தானின் வடகிழக்கில், பதக்ஷான் மலைகளில் இருந்தன. 'கடலுக்கு அப்பாலிருந்து வந்தது' என்பதே அல்ட்ராமரீன் என்ற சொல்லின் பொருள்.

கல்லை அரைத்தால் மட்டும் அந்த நீலம் கிடைத்துவிடாது. சாம்பல் நிறப் பொடிதான் மிஞ்சும். 1400ஆம் ஆண்டளவில் இத்தாலியில் எழுதப்பட்ட சென்னினோ சென்னினியின் கைநூல் அதன் செய்முறையை விரிவாகச் சொல்கிறது. பொடியைப் பிசினும் மெழுகும் சேர்த்துக் களியாகப் பிசைந்து நாட்கணக்கில் வைத்திருக்க வேண்டும். பிறகு சாம்பற்காரம் கலந்த நீரில் அந்தக் களியை அமுக்கி அமுக்கிப் பிசைய, நீலம் மட்டும் நீரில் இறங்கி அடியில் படியும். முதலில் இறங்குவதுதான் உயர்ந்தது. பிறகு பிசையப் பிசைய வெளிறிக்கொண்டே போகும். இந்த வேலைக்குப் பெண்களின் கைகளே நல்லவை என்றும் சென்னினி எழுதியிருக்கிறார். அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்களின் பெயர்கள் ஓவிய வரலாற்றில் இல்லை. ஆனால் 2019இல் ஒரு சான்று வெளிவந்தது. ஜேர்மனியின் டால்ஹைம் என்ற இடத்திலுள்ள பழைய கன்னியர்மடத்தின் இடுகாட்டிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் பற்காறையில் லாபிஸ் லசூலித் துகள்கள் கண்டுபிடிக்கப்பட்டன. ஏறக்குறைய 1000க்கும் 1200க்கும் இடையில் இறந்தவள் அவள். தூரிகையின் நுனியை வாயில் வைத்துக் கூர்மையாக்கியபோது அவை பல்லில் படிந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஏடுகளுக்கு ஓவியம் தீட்டியவர்கள் துறவிகளான ஆண்களே என்று எண்ணியிருந்தவர்களுக்கு அந்தப் பல் ஒரு பதிலாக அமைந்தது.

ஓவியம் பண்டமாக இருந்த காலத்தில் ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் நீலத்தைப் பற்றி மிகவும் எச்சரிக்கையாக இருந்தார்கள். புளோரன்ஸ் நகரின் அநாதைப் பிள்ளைகள் இல்லம் 1485இல் கிர்லாண்டையோ என்ற ஓவியரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. மூன்று ஞானிகள் குழந்தை இயேசுவை வணங்கும் படம். கூலி 115 புளோரின். நீலம் அல்ட்ராமரீனாகவே இருக்க வேண்டும், அவுன்ஸ் ஒன்று ஏறக்குறைய நான்கு புளோரின் பெறுமதியுள்ளதாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. வீடு கட்டக் கொடுப்பவர் சீமெந்தின் தரத்தைக் குறித்துக் கொடுப்பது போன்ற காரியம்தான் இது.

சிவப்புக்கும் இதே போன்ற கதை உண்டு. 1521இல் மெக்சிக்கோ ஸ்பானியர் கையில் வீழ்ந்த பிறகு, கள்ளிச்செடியில் வாழும் கொச்சினீல் என்ற சிறு பூச்சியைக் காயவைத்து எடுத்த சிவப்பு ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. பூச்சியைச் செடியிலிருந்து தட்டிச் சேர்த்தவர்கள் மெக்சிக்கோவின் பழங்குடிகள். அது விதையா பூச்சியா என்று ஐரோப்பியர் நெடுங்காலம் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். கர்தினால்களின் அங்கிகளும் வெனிஸ் ஓவியர்களின் பட்டுத் திரைகளும் அந்தச் சிவப்பில் மின்னின. மரத்திலிருந்து எடுக்கும் இன்னொரு சிவப்புக்கு அம்ஸ்டர்டாம் ஒரு வழி கண்டுபிடித்தது. 1596இல் அங்கு திறக்கப்பட்ட சிறைச்சாலையில் நாடோடிகளையும் பிச்சைக்காரரையும் அடைத்து வைத்துப் பிரேசில் மரக்கட்டையை அரத்தால் அராவிப் பொடியாக்க வைத்தார்கள். அரம் ஓடும் வீடு என்பதே அச்சிறையின் பெயராயிற்று. அந்தப் பொடி முக்கியமாகத் துணிச்சாயத்துக்குப் போனது.

இந்த இடத்தில் நமது ஊரும் ஒரு மூலையில் வருகிறது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது 1658இல். டெல்ஃப்ட் நகரில் வெர்மீர் பால் ஊற்றும் பணிப்பெண்ணை வரைந்ததும் ஏறக்குறைய அந்த ஆண்டுகளில்தான். டெல்ஃப்ட் அந்தக் கம்பனியின் கிளைகளில் ஒன்று இருந்த நகரம். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கம்பனி கண்வைத்த பொருட்களில் சாயவேரும் ஒன்று. அதை மணலிலிருந்து கிண்டி எடுத்துக் கொடுக்கும் வேலை குறித்த சாதியினரின் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. அந்த வேர் துணிக்குச் சிவப்பேற்றப் பயன்பட்டதே தவிர வெர்மீரின் படத்துக்குள் போகவில்லை. ஆயினும் பணிப்பெண்ணின் நீல முன்றானையும் மன்னார் மணலில் கிண்டிய வேரும் ஒரே வாணிப உலகத்தைச் சேர்ந்தவை.

2. கோடா, வர்ணமா?

வர்ணம் கருத்தாக மாறிய கதையை இத்தாலியிலிருந்து தொடங்கலாம். புளோரன்ஸ் ஓவியர்கள் கோட்டை, அதாவது வரைதலை, ஓவியத்தின் அறிவுப் பகுதியாகக் கொண்டார்கள். வெனிஸ் ஓவியர்கள் வர்ணத்தோடு வர்ணமாகவே உருவத்தைக் கட்டினார்கள். துறைமுக நகரமான வெனிசில் வர்ணம் விற்பதற்கென்றே தனி வியாபாரிகள் இருந்தார்கள். மற்ற ஊர்களில் ஓவியர்கள் அதை மருந்துக்கடைகளில் வாங்கினார்கள். 1550இல் வெளிவந்த தமது ஓவியர் வரலாற்று நூலைப் பின்னர் விரித்து எழுதிய வசாரி, டிஷியனின் வர்ணத்தை மெச்சிய மிக்கலாஞ்சலோ, வெனிசில் முதலில் நன்றாக வரையக் கற்றுக்கொடுப்பதில்லையே என்று வருந்தியதாகச் சொல்கிறார். வசாரி புளோரன்ஸ்காரரின் கட்சி என்பதை மறக்கக் கூடாது.

தைல வர்ணத்தை வான் ஐக் கண்டுபிடித்தார் என்ற கதையையும் பரப்பியவர் வசாரிதான். அது சரியல்ல. 12ஆம் நூற்றாண்டின் தெயோபிலஸ் என்ற துறவியின் கைநூலிலேயே எண்ணெயில் வர்ணம் அரைக்கும் முறை இருக்கிறது. பிளாண்டர்ஸ் ஓவியர்கள் செய்தது அதன் இயல்பை முழுமையாகப் பயன்படுத்தியது. முட்டை மஞ்சட்கருவில் குழைத்த வர்ணம் உடனே காய்ந்துவிடும். சிறு சிறு கீறல்களாகவே தீட்ட முடியும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது மெல்லக் காயும். கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய படலங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசலாம். ஒளி அந்தப் படலங்களுக்குள் புகுந்து அடியிலுள்ள வெள்ளையில் பட்டுத் திரும்பும்போது வர்ணம் உள்ளேயிருந்து ஒளிர்வது போலத் தெரியும். 1434இல் வான் ஐக் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதியர் படத்தில் அந்தப் பெண்ணின் பச்சை ஆடை அவ்வளவு ஆழமாக இருப்பது இதனால்தான்.

கோடு, வர்ணம் என்ற சண்டை 17ஆம் நூற்றாண்டில் பாரிசுக்கு வந்தது. 1648இல் நிறுவப்பட்ட அரச கலைக்கழகத்தில் பூசானைப் பின்பற்றியவர்கள் ஒரு கட்சியாகவும் ரூபன்ஸைப் பின்பற்றியவர்கள் மறுகட்சியாகவும் மோதிக்கொண்டார்கள். வர்ணத்தின் பக்கம் நின்று எழுதிய ரோஜே டு பீல் 1708இல் ஓவியர்களுக்குப் புள்ளிகள் போட்டு ஓர் அட்டவணையே வெளியிட்டார். வர்ணத்துக்கு மிக்கலாஞ்சலோவுக்கு 4, ரஃபாயலுக்கு 12, டிஷியனுக்கு 18. ரெம்பிராண்டுக்கு வர்ணத்தில் 17, வரைதலில் 6. பரீட்சைப் புள்ளிகளால் வாழ்வும் சாவும் தீர்மானிக்கப்பட்ட ஒரு நாட்டிலிருந்து வந்த நமக்கு இந்த அட்டவணையைப் பார்த்துச் சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆனால் அவருடைய எண்ணம் எளிது: வர்ணமும் கற்றுத் தேர வேண்டிய அறிவு என்று நிறுவ விரும்பினார்.

அந்த எண்ணம் வெற்றி பெறவில்லை. 1867இல் ஓவியம் பற்றிப் பெரும் நூலொன்றை எழுதிய ஷார்ல் பிளாங், வரைதல் கலையின் ஆண்பால், வர்ணம் அதன் பெண்பால் என்றார். ஏவாளால் மனித குலம் வீழ்ந்ததுபோல், வர்ணம் மேலோங்கினால் ஓவியம் வீழ்ந்துவிடும் என்பது அவர் வாதம். கீழைத்தேயத்தவர் வர்ணத்தில் வல்லவர்கள் என்றும் அவர் ஒத்துக்கொண்டார். இந்தப் புகழ்ச்சிக்குள் இருக்கும் பங்கீட்டைக் கவனிக்க வேண்டும். கோடு, அறிவு, ஆண், ஐரோப்பா ஒரு பக்கம். வர்ணம், புலன், பெண், கீழைத்தேயம் மறுபக்கம்.

இந்தப் பங்கீடு கல்லையும் விட்டுவைக்கவில்லை. பழைய கிரேக்கச் சிலைகள் வர்ணம் பூசப்பட்டவை என்பது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. ஆனாலும் வெள்ளைப் பளிங்கே தூய கிரேக்கம் என்ற நம்பிக்கை அசையவில்லை. 1937–38இல் பிரித்தானிய நூதனசாலையில் பார்த்தினன் சிற்பங்களை வெண்மையாகக் காட்டுவதற்காகச் செப்பு உபகரணங்களால் அவற்றின் மேற்பரப்பைச் சுரண்டினார்கள். நாம் இன்று அங்கே காணும் வெண்மையில் ஒரு பங்கு அந்தச் சுரண்டலின் விளைவு.

3. அரியமும் மெழுகுதிரியும்

ஐசக் நியூட்டன் 1672இல் அறிவித்து 1704இல் 'ஒளியியல்' என்ற நூலாக வெளியிட்ட கண்டுபிடிப்பு எங்கள் பள்ளிப் புத்தகங்களில் இருந்தது. வெள்ளொளி அரியத்தினூடாகப் போகும்போது வர்ணங்களாகப் பிரிகிறது. அவற்றை மீண்டும் சேர்த்தால் வெண்மை. இசையின் ஏழு சுரங்களுக்கு இணையாக வர்ணங்களையும் ஏழாக்கி அவற்றை ஒரு வட்டத்தில் அடுக்கினார். ஓவியர்களுக்கு இது உதவியதைவிடக் குழப்பியது அதிகம். அவர்கள் பலகையில் எல்லா வர்ணங்களையும் கலந்தால் கிடைப்பது சேறு. நியூட்டனே வர்ணப்பொடிகளைக் கலந்து பார்த்துச் சாம்பல் நிறத்தைத்தான் பெற்றார். ஒளிகள் சேர்வது வேறு, பொடிகள் சேர்வது வேறு என்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் தெளிவாக்க 1850கள் வரை பொறுக்க வேண்டியிருந்தது. பொடி ஒவ்வொன்றும் ஒளியின் ஒரு பங்கை விழுங்குகிறது. கலக்கக் கலக்க விழுங்குவது கூடுகிறது.

1810இல் வெளிவந்த கதேயின் வர்ண நூல் நியூட்டனைக் கடுமையாக எதிர்த்தது. பௌதிகத்தில் கதே தோற்றார். ஆனால் அவர் கேட்ட கேள்வி வேறு: கண் என்ன செய்கிறது? 1777 குளிர்காலத்தில் ஹார்ட்ஸ் மலையிலிருந்து இறங்கும்போது பனியின்மேல் விழுந்த நிழல்கள் முதலில் ஊதாவாகவும், சூரியன் சிவந்து மறைகையில் பச்சையாகவும் தெரிந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். மாலை வெளிச்சமும் மெழுகுதிரி வெளிச்சமும் சேர்ந்து விழும் வெள்ளைத் தாளில் ஒரு பென்சிலை நிறுத்தினால் ஒரு நிழல் நீலமாகத் தெரியும் என்றார். பனி நாடுகளுக்கு வந்து சேர்ந்த நாம் இதை எவரையும் கேட்காமலே சரிபார்த்துக்கொள்ளலாம். தை மாத மாலையொன்றில் வீதிவிளக்கு மஞ்சளாக எரியத் தொடங்கும் நேரம், பனியில் விழும் நம் நிழலைப் பார்த்தால் போதும். லண்டனில் டேர்னர் இந்த நூலின் மொழிபெயர்ப்பைப் படித்து 1843இல் கதேயின் பெயரையே தலைப்பில் சேர்த்து ஒரு படம் வரைந்தார்.

அதே நூலில் இன்னொரு கூற்றும் இருக்கிறது. காட்டுச் சாதியினரும் படிக்காதவர்களும் குழந்தைகளும் பளிச்சிடும் வர்ணங்களை விரும்புவார்கள். பண்பட்டவர்கள் தங்கள் உடையிலும் சூழலிலும் அவற்றைத் தவிர்ப்பார்கள் என்கிறார் கதே. இருநூறு ஆண்டுகளின் பின்னும் இந்தக் கூற்று உயிரோடு இருக்கிறது. சாம்பல், கறுப்பு, கடும் நீலம் என்று மேலங்கிகள் நகரும் நகரத்து ரயிலில், கலியாண வீட்டுக்குப் போகும் நம் பெண்கள் மாம்பழ மஞ்சளும் மயிற்கழுத்துப் பச்சையும் உடுத்து ஏறும்போது எழும் பார்வைக்கு நீண்ட தத்துவப் பின்னணி ஒன்று உண்டு. அந்தப் பார்வைக்குப் பயந்து சேலைக்கு மேலே கோட்டை இழுத்து மூடிக்கொள்கிறவர்களும் நம்மிடையே உண்டு.

4. கறுப்பு நூலின் வழக்கு

வர்ணம் பற்றிய ஐரோப்பியச் சிந்தனையில் மிகப் பெரிய மாற்றத்தை ஏற்படுத்தியவர் ஓவியரோ தத்துவவாதியோ அல்ல. ஒரு சாயச்சாலை நிர்வாகி. மிஷேல் ஷெவ்ரூல் 1786இல் பிறந்து 1889இல், 102 வயதில் இறந்த இரசாயனவியலாளர். கொழுப்புகளைப் பற்றி அவர் செய்த ஆய்வு நல்ல மெழுகுதிரிகளுக்கு வழி வகுத்தது. 1824இல் பாரிசின் கொபெலான் நெசவாலையில் சாயமேற்றும் பகுதிக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்டார். அரண்மனைச் சுவர்களுக்கான சித்திரத் திரைகள் அங்கே நெய்யப்பட்டன. முறைப்பாடுகள் வந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்று கறுப்பைப் பற்றியது: நீல, ஊதா ஆடைகளின் நிழல்களுக்கு நெய்யப்படும் கறுப்பு நூல் வலுவில்லாமல் வெளிறித் தெரிகிறது, சாயம் சரியில்லை.

ஷெவ்ரூல் வேறு ஆலைகளின் கறுப்பு நூல்களை வரவழைத்துத் தம் நூலோடு ஒப்பிட்டார். குறை எதுவும் இல்லை. பிறகுதான் அவருக்குப் புரிந்தது, பிழை நூலில் இல்லை, அதன் அயலில் இருக்கிறது என்று. ஒவ்வொரு வர்ணமும் தன் எதிர்வர்ணத்தின் சாயலைப் பக்கத்திலுள்ளதன்மேல் எறிகிறது. நீலத்துக்குப் பக்கத்தில் வைத்த கறுப்பு செம்மஞ்சள் சாயலேறிப் பழுப்பாகத் தளர்ந்து போகிறது. அதே கறுப்பை வேறொன்றின் அருகில் வைத்தால் கறுப்பாகவே நிற்கும். சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரண்டும் கூர்மையாகும். கலந்தால் இரண்டும் அழியும். இதை அவர் நூற்றுக்கணக்கான சோதனைகளால் நிறுவி 1839இல் பெரும் நூலாக வெளியிட்டார்.

வர்ணம் என்பது ஒரு பொருளின் நிரந்தரக் குணம் என்ற எண்ணம் இங்கே உடைந்தது. எதனருகே வைக்கப்படுகிறது என்பதையும் சேர்த்தே வர்ணத்தைப் பேச வேண்டியதாயிற்று. இடம் பெயர்க்கப்பட்டவர்கள் இதை வாசிக்கும்போது மனம் வேறு திசைக்கும் போகும். ஊரில் ஆசிரியராக இருந்தவர் இங்கே உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவும்போது அவரைப் பற்றிச் சொல்லப்படும் தீர்ப்புகளில் எத்தனை நூலைப் பற்றியவை, எத்தனை அயலைப் பற்றியவை?

ஓவியர்களிடையே இந்த விதியைக் கண்ணால் ஏற்கெனவே அறிந்திருந்தவர் டெலக்ரோவா. 1832இல் பிரெஞ்சுத் தூதுக்குழுவோடு மொரோக்கோவுக்குப் போய், திரும்பும் வழியில் அல்ஜியர்சிலும் தங்கினார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான் பிரான்ஸ் அந்நகரைப் படையெடுத்துப் பிடித்திருந்தது. 1834இல் அவர் வரைந்த 'அல்ஜியர்ஸ் பெண்கள்' லூவரில் இருக்கிறது. சிவப்பின் அருகே பச்சை, நிழலுக்குள் எதிர்வர்ணம் என்று அதில் ஒவ்வோர் அங்குலமும் கணக்கோடு தீட்டப்பட்டிருக்கிறது. பின்வந்த ஓவியர்கள் அந்தப் படத்தையே பாடநூலாகப் படித்தார்கள். அந்தப் பெண்களின் அந்தப்புரத்துக்குள் ஓர் அந்நிய ஆணால் நுழைய முடிந்ததற்குக் காரணம் வாசலில் நின்ற படை என்பதையும் பாடத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

5. குழாய்களும் அகதிகளும்

அதே 1841இல், லண்டனில் வாழ்ந்த அமெரிக்க ஓவியர் ஜோன் ராண்ட் மடிக்கக்கூடிய வெள்ளீயக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் அரைத்த வர்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி விற்றார்கள். ஊசியால் குத்திப் பிதுக்கியபின் மிச்சம் காய்ந்துவிடும். குழாய் வந்ததும் ஓவியன் முழு வர்ணப் பெட்டியோடு வயலுக்குப் போக முடிந்தது. வர்ணங்களும் பெருகிவிட்டன. 1700களின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகப் பிறந்த புருஷிய நீலம், 1802இல் தெனாரின் கோபால்ட் நீலம், 1797இல் குரோமியம் கண்டுபிடிக்கப்பட்டதைத் தொடர்ந்து வந்த குரோம் மஞ்சள், கட்மிய மஞ்சள். 1824இல் பிரான்சின் தொழில் ஊக்குவிப்புச் சங்கம் செயற்கை அல்ட்ராமரீனுக்கு 6000 பிராங் பரிசு அறிவித்தது. 1828இல் அதைக் கிமே பெற்றார். ஒப்பந்தம் எழுதி அவுன்ஸ் கணக்கில் காத்த நீலம் சில பத்தாண்டுகளில் சலவைக்காரரின் கைக்கே வந்துவிட்டது.

1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது மொனேயும் பிசாரோவும் லண்டனுக்கு ஓடி வந்தார்கள். பிசாரோ கரிபியன் தீவொன்றில் பிறந்தவர். ஏற்கெனவே ஒரு கடல் தாண்டியவர். லண்டனில் அவர்கள் டேர்னரையும் கொன்ஸ்டபிளையும் கூடங்களில் பார்த்தார்கள். பனிமூட்டத்தையும் பனிபடிந்த புறநகர் வீதிகளையும் வரைந்தார்கள். அங்குள்ள அரச கலைக்கழகம் இருவரது படங்களையும் ஏற்க மறுத்தது. பிசாரோவின் வீட்டில் பிரஷ்யப் படை குடியேறியிருந்தது. திரும்பிப் போனபோது பல ஆண்டு உழைப்பில் பெரும்பகுதி அழிந்திருந்தது. தோட்டத்துச் சேற்றில் மிதிப்பதற்குக் கன்வஸ்களை விரித்துப் போட்டதாகச் சொல்லப்படுகிறது. இராணுவம் இருந்துவிட்டுப் போன வீட்டை நம்மில் பலர் அறிவோம்.

1874 வசந்தத்தில் இவர்கள் பாரிசில் கூடி வைத்த கண்காட்சியைப் பத்திரிகைகள் கேலி செய்தன. நிழல் என்றால் கறுப்பும் பழுப்பும் என்று பழகிய கண்களுக்கு நீல நிழலும் ஊதா நிலமும் கண்நோயாகத் தோன்றின. கதே பனியில் பார்த்ததும் ஷெவ்ரூல் நூலில் அளந்ததும் அந்த நீலத்துக்குள் இருந்தன.

இதை ஒரு முறையாக்க முயன்றவர் ஜோர்ஜ் ஸெரா. பிளாங், ஷெவ்ரூல், அமெரிக்கப் பௌதிகவாதி ரூட் ஆகியோரைப் படித்து, வர்ணங்களைப் பலகையில் கலக்காமல் புள்ளிகளாக வைத்தால் அவை கண்ணில் கலக்கும் என்று நம்பினார். 1886இல் காட்சிக்கு வந்த 'கிராண்ட் ஜாட் தீவில் ஒரு ஞாயிறு' ஏறக்குறைய இரண்டு மீற்றர் உயரமும் மூன்று மீற்றர் அகலமும் கொண்டது. புள்ளிகள் கண்ணில் கலக்கும்போது கிடைப்பது அவற்றின் சராசரிதான். அவர் எதிர்பார்த்த அளவு ஒளி கூடவில்லை. அத்தோடு அவர் பயன்படுத்திய புதிய துத்தநாக மஞ்சள் சில ஆண்டுகளிலேயே பழுப்பாக மாறத் தொடங்கியது. 1892இலேயே விமர்சகர் ஃபெனியோன் அதைக் குறிப்பிட்டு வருந்தியிருக்கிறார். 31 வயதில் இறந்துவிட்ட ஸெரா அப்போது உயிரோடு இல்லை.

6. ஆலையின் வர்ணம்

புதிய வர்ணங்களுக்கும் கூலி இருந்தது. ஈய வெள்ளை மிகப் பழையது. ஈயத் தகடுகளை வினாகிரி ஆவியில் வைத்துக் குதிரைச் சாணத்தால் மூடிச் சூடேற்றி அந்த வெள்ளை எடுக்கப்பட்டது. அதைச் சுரண்டிச் சுமந்தவர்கள் கைகால் செயலிழந்தார்கள், குருடானார்கள், இறந்தார்கள். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஈய வெள்ளை ஆலைகளில் அவர்களில் பலர் ஏழைப் பெண்கள். 1921இல் சர்வதேசத் தொழில் அமைப்பு கட்டடங்களின் உட்புறப் பூச்சில் ஈய வெள்ளையைக் கட்டுப்படுத்தும் சாசனம் ஒன்றை நிறைவேற்றியது. கலை ஓவியத்துக்கு அதில் விலக்கு அளிக்கப்பட்டிருந்தது.

1856இல் லண்டனில் 18 வயது பெர்க்கின் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகு செடிகளின் காலம் முடியத் தொடங்கியது. 1868இல் ஜேர்மன் இரசாயனவியலாளர்கள் அலிசரின் சிவப்பைச் செயற்கையாக உருவாக்கினார்கள். தென்பிரான்சில் மஞ்சிட்டி இனச் செடி பயிரிட்டவர்கள் பிழைப்பிழந்தார்கள். நமது சாயவேரில் இருந்த சிவப்பும் அதே அலிசரின்தான். 1897இல் ரைன் நதிக்கரையின் லுட்விக்ஸ்ஹாஃபனில் பி.ஏ.எஸ்.எஃப். ஆலை செயற்கை நீலச்சாயத்தை விற்பனைக்கு விட்டது. வங்காளத்தில் அவுரி பயிரிடக் கட்டாயப்படுத்தப்பட்ட விவசாயிகள் 1859இல் கிளர்ந்தெழுந்திருந்தார்கள். அவர்களை ஒடுக்கிய தோட்டத்துரைமாரை இறுதியில் வீழ்த்தியது இந்த ஆலை. பீகாரின் சம்பாரணில் அந்த முறையின் எச்சத்தோடு காந்தி மோதியது 1917இல்.

7. மங்குதல்

ஆலை வர்ணத்தின் நிலையாமையை அறிந்தே பயன்படுத்தியவர் வான்கோ. பிளாங்கின் நூல்கள் வழியாக டெலக்ரோவாவின் விதிகளைப் படித்தவர். 1888இல் தம்பிக்கு எழுதிய கடிதத்தில், புதிதாக வந்த வர்ணங்கள் நிலையற்றவை, ஆகவே அவற்றைத் துணிந்து பச்சையாகவே பூச வேண்டும், காலம் எப்படியும் அவற்றைத் தணித்துவிடும் என்ற கருத்தை எழுதியிருக்கிறார். அதே ஆண்டு வரைந்த தன் படுக்கையறையின் சுவர்கள் வெளிறிய ஊதா என்று அவர் எழுதினார். இன்று நாம் பார்ப்பது நீலச் சுவர். ஊதாவிலிருந்த சிவப்பு போய்விட்டது. அவருடைய குரோம் மஞ்சள் ஒளிபட்டு ஏன் பழுப்பாகிறது என்பதை 2011இல் கிரெனோபிள் ஆய்வுகூடத்தின் எக்ஸ் கதிர்கள் காட்டின: குரோமியம் தன் இரசாயன நிலையை மாற்றிக்கொள்கிறது.

டென் ஹாக்கில் இருக்கும் வெர்மீரின் முத்துத் தோடணிந்த பெண் இருளின் முன்னே திரும்பிப் பார்க்கிறாள் என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அந்த இருள் ஓவியர் வரைந்ததல்ல. 2018இல் தொடங்கிய ஆய்வின் முடிவுகள் 2020இல் வெளிவந்தபோது, அவளுக்குப் பின்னால் பச்சைத் திரையொன்று தொங்கியது தெரியவந்தது. அவுரி நீலமும் ஒரு செடியின் மஞ்சளும் சேர்த்துப் பூசிய பச்சை அது. இரண்டும் செடிச் சாயங்கள். மூன்றரை நூற்றாண்டு வெளிச்சத்தில் அழிந்துவிட்டன. தலைப்பாகையில் ஆப்கானிஸ்தானத்துக் கல் மட்டும் நீலமாகவே இருக்கிறது.

சிக்காகோவில் ரெனுவா 1883இல் வரைந்த ஒரு சீமாட்டியின் படம் உண்டு. நீலச் சாம்பல் பின்னணியில் அமைதியாக இருக்கும் படம். அதன் சட்டகத்தைக் கழற்றியபோது, சட்டகம் மூடியிருந்த ஓரத்தில், வெளிச்சம் படாத விரலகலத்துக்குக் கொச்சினீலின் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. 2014இல் படத்தின் பழைய தோற்றத்தைக் கணினியில் மீட்டுப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். அடுத்த முறை பிள்ளைகளோடு ஓவியக்கூடத்துக்குப் போகும்போது படத்தின் நடுவைப் பார்த்துவிட்டு, சட்டகத்தை ஒட்டிய ஓரத்தையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். காவலர் ஏதும் சொன்னால் வர்ணம் பார்க்கிறோம் என்று சொல்லலாம்.